‘எங்கே’ இல்லைங்க, ‘ஏன்’

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பத்தி ஒரு முழுப் பக்கம் வந்திருந்துச்சு. படமெல்லாம் நல்லா இருந்துச்சு, மாடியில ஜூலியட் கன்னத்துல கை வெச்சுட்டு நிக்குறா, கீழ தோட்டத்துல ரோமியோ ஒளிஞ்சு நிக்குறான். அதுக்குக் கீழ கொட்டை எழுத்துல "ஓ ரோமியோ, ரோமியோ! நீ எங்கே இருக்கிறாய்?"னு போட்டிருந்தீங்க. 'ரோமியோ ஜூலியட்' நாடகத்துல வர்ற இந்த ஒரு வரிக்காகத்தான் உக்காந்து எழுதுறேன், கொஞ்சம் நீளமா போயிடும்னு இப்பவே தெரியுது, வெட்டிப் போடுறதா இருந்தா தாராளமா வெட்டிக்குங்க சார்.

நான் வீட்டுல டியூஷன் எடுக்குறவ. பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிற பசங்க எட்டு பேரு சாயங்காலம் வர்றாங்க. திங்கக்கிழமை அதுல ஒரு பொண்ணு உங்க பேப்பரைக் கத்தரிச்சு நோட்டுக்குள்ள வெச்சு எடுத்துட்டு வந்து, "மிஸ், நீங்க ஏன்னு சொன்னீங்க, பேப்பர்ல எங்கேன்னு போட்டிருக்கு, எதை எழுதுறது?"னு கேக்குது. அச்சுல வந்துட்டா வேதவாக்கு, டீச்சர் சொன்னா சும்மா, அப்படித்தான் ஆயிப்போச்சு.

ஏன்தான் சார் சரி. அந்த வரியில வர்ற 'வேர்ஃபோர்'ங்கிற வார்த்தைக்கு எதுக்காக, என்ன காரணத்துக்காகனு அர்த்தம். 'வேர்'னு ஆரம்பிக்குறதால எங்கேனு எடுத்துக்குறோம், இங்கிலீஷ்காரங்களே நிறைய பேரு அப்படித்தான் நினைச்சுட்டு இருக்காங்க. ஆனா ரோமியோ தோட்டத்துல நிக்குறதே அவளுக்குத் தெரியாது, அவ அவனைத் தேடவும் இல்ல. தனியா புலம்புறா. ஊர்ல இத்தனை பேரு இருக்க, போயும் போயும் எங்கப்பாவுக்கு ஆகாத மாண்டேக் வீட்டுப் பையனா, ரோமியோங்கிற பேரோட, நீ ஏன்டா இருக்கேங்கிறதுதான் அந்தப் புலம்பல். அடுத்த வரியே உங்கப்பாவை அப்பா இல்லைனு சொல்லு, உன் பேரைத் தூக்கிப் போடுனுதான் வருது. எங்கேனு கேட்டான்னா இந்த வரி அந்தரத்துல தொங்கும். இன்னொண்ணு, பால்கனிங்கிற வார்த்தை நாடகத்துல ஒரு இடத்துல கூட கிடையாது, ஜன்னல்தான் இருக்கு. அதை விடுங்க, படத்துக்கு நல்லாத்தான் இருக்கு.

என் ஆதங்கம் உங்க மேல இல்ல, இதைச் சொல்லிக் குடுக்குற விதத்து மேல. நான் படிச்ச காலேஜ்லயும் சரி, இப்ப என்கிட்ட வர்ற பசங்க படிக்கிற காலேஜ்லயும் சரி, 'சோஷியல் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து'னு ஒரு பேப்பர் தனியா இருக்கு. அதுல எலிசபெத் ராணி 1558-லேர்ந்து 1603 வரைக்கும் ஆண்டாங்க, 1588-ல ஸ்பெயின் கப்பல் படையை விரட்டுனாங்க, நாடகம் வளர்ந்துச்சு, முடிஞ்சுது, அஞ்சு மார்க். ஷேக்ஸ்பியர் வேற செமஸ்டர். அங்க கதைச்சுருக்கம், கேரக்டர் ஸ்கெட்ச், சாவுக்குக் காரணம் விதியா குணமா, பத்து மார்க். சண்டை போட்டுக்கிட்ட சம்பந்தி வீடுங்க மாதிரி ரெண்டு பேப்பரும் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாக்குறதே இல்ல. வார்த்தைக்கு அர்த்தம் வேணும்னா கைடுக்குப் பின்னாடி கிளாசரி. நானும் அப்படி நெட்டுரு போட்டு பாஸ் பண்ணவதான், அந்த நாடகத்துல ஒரு மண்ணும் அப்ப எனக்குப் புரியல, இந்த டியூஷன் எடுக்க ஆரம்பிச்சப்புறம் ஒவ்வொரு வரியா நோண்டித்தான் கத்துக்கிட்டேன்.

போன மாசம் ஒரு பையன் பேப்பரைத் திருத்துறேன். ரெண்டு பேருக்கும் ரகசியமா கல்யாணம் பண்ணி வெச்ச சாமியார் லாரன்ஸ், ஜூலியட் நிஜமா சாகல, மருந்து குடிச்சுத் தூங்குறா அவ்ளோதான்னு ரோமியோவுக்கு அனுப்புன லெட்டர் போய்ச் சேரலைனு தெரிஞ்சதும் 'தி லெட்டர் வாஸ் நாட் நைஸ்'னு சொல்ற இடம் வரும். பையன் எழுதியிருக்கான், "கடிதம் நன்றாக எழுதப்படவில்லை என்பதால் பாதிரியார் வருந்துகிறார்"னு. சிரிச்சு முடிச்சுட்டு யோசிச்சா அவன் மேல தப்பே இல்ல, அவனுக்குத் தெரிஞ்ச நைஸ் அதுதான். இங்க நைஸ்னா அற்பம், சில்லறை விஷயம். அது ஒண்ணும் சில்லறை விஷயம் இல்லையேனு சாமியார் பதறுறாரு. 'மேரி'யும் அப்படித்தான், வாக்கியத்து முன்னாடி மேரி மேரினு வந்தா பசங்க கல்யாணம்னு எழுதிடுவாங்க, அது மாதா பேரைச் சொல்லிச் சத்தியம் பண்றதுலேர்ந்து தேய்ஞ்சு வந்தது, நாம பேச்சுக்கு நடுவுல சத்தியமாங்கிறோமே அந்த மாதிரி. ஜூலியட்டோட அம்மா இதை வெச்சே விளையாடுறா. ஜூலியட்டுக்குப் பால் குடுத்து வளத்த கிழவி, உனக்குக் கல்யாணம் ஆகுறதை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்னு சொன்னதைப் புடிச்சுக்கிட்டு, 'மேரி'ன்னே ஆரம்பிச்சு, அந்த மேரியைப் பத்திப் பேசத்தான் நானும் வந்தேன்னு மகள்கிட்ட கல்யாணப் பேச்சை எடுக்குறா. ராணி ஆட்சியில இங்கிலாந்து, மாதாவைக் கும்புடுற கத்தோலிக்க வழக்கத்தை விட்டுட்ட புராட்டஸ்டன்ட் நாடு, மடங்களையெல்லாம் ராணியோட அப்பா எட்டாம் ஹென்றி காலத்துலயே மூடியாச்சு. ஆனா மாதா மட்டும் ஜனங்க வாயை விட்டுப் போகல. இந்தச் சரித்திரம் மேரிங்கிற அந்த ஒரு வார்த்தைக்குள்ள இருக்கு, சோஷியல் ஹிஸ்டரி பேப்பர்ல தேடுனா கிடைக்காது.

நான் ரொம்ப நேரம் நிறுத்தி நடத்துற இடம் ஒண்ணு இருக்கு. ஜூலியட், வீட்டுல பாத்து வெச்ச மாப்ளை பாரிஸைக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னதும் அவ அப்பா கபுலெட் வாயில வர்ற பேச்சு. வியாழக்கிழமை சர்ச்சுக்கு வந்து சேரு, இல்லைனா 'ஹர்டில்'ல போட்டு இழுத்துட்டுப் போவேங்கிறாரு. பசங்களுக்கு ஹர்டில்னா ஸ்போர்ட்ஸ் டே, தாண்டி ஓடுறது. அது அந்தக் காலத்துல மரக்கொம்புல பின்னுன தட்டி. ராஜதுரோகம் பண்ணதா தண்டனை குடுத்த ஆளை அந்தத் தட்டியில கட்டிப் போட்டு, குதிரையில பூட்டி, லண்டன் தெரு வழியா டைபர்ன் தூக்குமேடை வரைக்கும் தரதரனு இழுத்துட்டுப் போவாங்க, ஜனம் ரெண்டு பக்கமும் நின்னு வேடிக்கை பாக்கும். 1594 ஜூன்ல ராணியோட டாக்டர் ரோட்ரிகோ லோபஸ், ராணிக்கு விஷம் வைக்கப் பாத்தாருன்னு குற்றம் சாட்டி டைபர்ன்லதான் கொன்னாங்க. இந்த நாடகத்தை 1595, 96 வாக்குல எழுதியிருப்பாருன்னுதான் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் சொல்றாங்க. அப்ப அந்த மேடைக்கு முன்னாடி நின்னவங்கள்ல எத்தனை பேரு அந்தக் கூட்டத்துல நின்னிருப்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க. பெத்த பொண்ணைப் பாத்து ஒரு அப்பன் அந்த வார்த்தையைச் சொல்றான். கைடுல 'ஹர்டில் = வண்டி'னு போட்டிருக்கு சார், வண்டியாம்.

அதோட நிக்கல மனுஷன். 'கிரீன் சிக்னஸ்' புடிச்ச பொணமேங்கிறாரு, 'டாலோ' மூஞ்சிங்கிறாரு. கிரீன் சிக்னஸ்னா வயசுப் பொண்ணுங்க வெளிறிப் போற நோய், நம்ம ஊர்ல சோகைங்கிறோமே கிட்டத்தட்ட அது. அதுக்கு அந்தக் காலத்து வைத்தியருங்க சொன்ன மருந்து என்ன தெரியுமா, கல்யாணம்! அப்ப அது வெறும் திட்டு இல்ல, உன் வியாதிக்கு மருந்துதான்டி பாத்து வெச்சிருக்கேன், அதை வேணாங்கிறியாங்கிற குத்தலும் உள்ள இருக்கு. டாலோங்கிறது ஆட்டுக்கொழுப்பு, மாட்டுக்கொழுப்பை உருக்கிச் செய்யுற மெழுகுவத்தி. வசதியான வீட்டுல தேன்மெழுகு, இல்லாதவன் வீட்டுல இந்தக் கொழுப்பு வத்தி, நாத்தமும் புகையுமா எரியும். அந்த வெளிறுன மஞ்சள் நிறம்தான் உன் மூஞ்சிங்கிறாரு. நாலே வரியில தூக்குமேடை, வைத்தியம், அடுப்படின்னு லண்டனே இருக்கு, இதை எலிசபெத் காலத்து வாழ்க்கை, ஷேக்ஸ்பியரின் மொழின்னு ரெண்டு கேள்வியா எப்படிப் பிரிக்குறது, எனக்குத் தெரியல.

வயசு விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா உங்க கட்டுரையிலயே "அக்காலத்தில் பெண்களுக்குப் பதின்மூன்று வயதிலேயே மணம் முடிப்பது வழக்கம்"னு ஒரு வரி வந்திருந்துச்சு. இல்ல சார். சட்டம் 12 வயசுல அனுமதிச்சுது, அது வாஸ்தவம். ஆனா சர்ச்சுப் பதிவேடுகளை வெச்சுக் கணக்குப் பாத்ததுல சாதாரணக் குடும்பத்துப் பொண்ணுங்க முதல் கல்யாணம் பண்ண வயசு சராசரியா 25, 26 வருது. பெரிய இடத்துல கொஞ்சம் சீக்கிரம் நடக்கும், அங்கயும் 13 எல்லாம் அபூர்வம். ஷேக்ஸ்பியர் கல்யாணம் பண்ணது 1582-ல, அவருக்கு 18, ஆன் ஹாத்வேக்கு 26. அவரு கதையை எடுத்தது 1562-ல ஆர்தர் புரூக் எழுதுன நீள் கவிதையிலேர்ந்து, அதுல ஜூலியட்டுக்கு 16. இவரு வேணும்னே 14 கூட முடியாத புள்ளையாக்குறாரு. அப்ப நாடகம் பாக்க வந்தவங்களுக்கே அது சுருக்குனு பட்டிருக்கும். அதே கபுலெட் முதல்ல எவ்வளவு நல்லாப் பேசுறாருன்னு பாருங்க, இன்னும் ரெண்டு கோடை போகட்டும், பழுத்தப்புறம் பாக்கலாம்ங்கிறாரு, இவளை விடச் சின்னவங்கல்லாம் அம்மா ஆயிட்டாங்களேனு பாரிஸ் சொன்னா, அப்படி ஆனவங்க சீக்கிரமே கெட்டும் போயிட்டாங்கங்கிறாரு. 'அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான்'னு நாம ஒரு வார்த்தையில மூடிட்டா இந்த மனுஷன் ரெண்டு மூணு நாள்ல எப்படி மாறிப் போறாருங்கிறதே கண்ணுல படாம போயிடும்.

அந்த வயசை நாடகத்துல கணக்குப் போட்டுச் சொல்றது யாரு, பால் குடுத்து வளத்த கிழவி. அவ வருஷம் தேதி சொல்ல மாட்டா. லாமாஸ் பண்டிகைக்கு முதநாள் ராத்திரி புள்ளைக்கு 14 முடியுதும்பா, லாமாஸ்னா ஆகஸ்ட் 1, புது அறுவடைக் கோதுமையில ரொட்டி சுட்டு சர்ச்சுக்குக் கொண்டு போற நாள். நிலநடுக்கம் வந்து 11 வருஷம் ஆச்சு, அன்னைக்குத்தான் புள்ளைக்குப் பால் மறக்கடிச்சேன், மார்ல கசப்புச் செடியைப் பூசிக்கிட்டு புறாக்கூண்டுச் சுவத்தோரம் வெயில்ல உக்காந்திருந்தேன்ம்பா. இதைப் படிச்சதும் எங்க வகுப்புல ஒரு பொண்ணு, "எங்க பாட்டி வேப்பெண்ணெய் தடவுனாங்களாம் மிஸ்"னுச்சு. 1580 ஏப்ரல் 6 லண்டன்ல நிஜமாவே நிலம் ஆடுச்சு, சர்ச்சுலேர்ந்து கல்லு விழுந்து ஆளும் செத்தாங்க. கிழவி சொல்றது அதைத்தானாங்கிறதுல ஆராய்ச்சியாளருங்க இன்னும் ஒத்துப் போகல, போகட்டும். அவளுக்கும் ஒரு பொண்ணு பொறந்துச்சு, சூசன், ஜூலியட் வயசுதான், செத்துப் போச்சு. அதை ரெண்டே வரியில சொல்லிட்டு, எனக்கு வாய்க்கக் கூடாத அளவுக்கு நல்லவ அவ, சாமிகிட்ட இருக்கான்னு தாண்டிப் போயிடுறா. பணக்கார வீட்டு அம்மாங்க பால் குடுக்க மாட்டாங்க, அதுக்குனு ஆள் வெச்சுக்குவாங்கங்கிறது தெரிஞ்சாத்தான் யாருக்குச் சுரந்த பாலை யாரு குடிச்சாங்கிறது உறைக்கும்.

அந்த 'நைஸ் இல்லாத' லெட்டர் ஏன் போய்ச் சேரல? கொண்டு போன ஜான் சாமியார் துணைக்கு இன்னொரு சாமியாரைத் தேடிப் போறாரு, அவரு நோயாளிகளைப் பாத்துட்டு இருக்காரு, அந்த வீட்டுல பிளேக்னு சந்தேகப்பட்டு ஊர்ச் 'சர்ச்சர்'ங்க கதவை அடைச்சு சீல் வெச்சுடுறாங்க. கைடுல 'தேடுபவர்கள்'. லண்டன்ல இந்த வேலைக்கு சர்ச் வட்டாரத்துக்கு வட்டாரம் ஆள் போட்டிருந்தாங்க, பெரும்பாலும் ஏழைக் கிழவிங்க, செத்தவங்க உடம்பைப் போய்ப் பாத்து பிளேக்கா வேறயானு சொல்றதுதான் பொழப்பு. அவங்க பிளேக்னு சொல்லிட்டா வீட்டுல மிச்சம் இருக்குறவங்க உசுரோட உள்ள வெச்சுப் பூட்டப்படுவாங்க. 1593-ல மட்டும் லண்டன்ல பிளேக்குல 10,000 பேருக்கு மேல செத்தாங்க. 1592-லேர்ந்து 94 வரைக்கும் நாடகக் கொட்டகையெல்லாம் பெரும்பாலும் மூடித்தான் கிடந்துச்சு. அது தொறந்து கொஞ்ச நாள்ல வந்த நாடகத்துல, ரோமியோவோட சிநேகிதன் மெர்குஷியோ குத்துப்பட்டுச் சாகுறப்போ "உங்க ரெண்டு வீட்டுலயும் பிளேக் விழ"னு சாபம் விடுறான். நாம அதை ஒரு பழமொழி மாதிரி எழுதிட்டுப் போயிடுறோம். கடைசியில ஒரு வீட்டுல நிஜமாவே பிளேக் சந்தேகம் வருது, கதவு மூடுது, அதாலதான் ரெண்டு வீட்டுப் புள்ளைங்களும் சாகுதுங்க. கொரோனாவுல தெரு முனையில தகரம் அடிச்சு நின்ன பசங்களுக்கு இதைச் சொன்னதும் ஒரு நிமிஷம் யாரும் பேசல.

நாடகம் போட்டது ஷோர்டிச்ங்கிற புறநகர்ல, மத்தியான வெயில்ல, திறந்த கொட்டகையில. ஒரு பென்னிக்கு நின்னு பாக்கலாம். லைட் கிடையாது, ஜூலியட்டா நடிச்சது பையன். அதனாலதான் சார் அந்த ஜன்னல் காட்சி முழுக்க நிலாவையும் இருட்டையும் பத்தி அவ்வளவு பேச்சு, ராத்திரியை வாயாலதான் கொண்டு வரணும். உச்சரிப்பும் வேற. லண்டன் குளோப் அரங்கத்துல 2004-ல அந்தக் காலத்து உச்சரிப்புலயே இந்த நாடகத்தைப் போட்டாங்க, அப்படிப் பேசுனா முன்னுரையில வர்ற 'லாயின்ஸ்'ங்கிற வார்த்தை 'லைன்ஸ்' மாதிரி காதுல விழும், வயித்துல பொறந்த புள்ளைங்கங்கிறதும் வம்சாவளிங்கிறதும் ஒண்ணாக் கலந்து கேக்கும்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். இன்னைக்கு இங்கிலீஷ்ல எல்லாருக்கும் 'யூ'தான், அப்ப 'தௌ'னும் இருந்துச்சு. ஏறக்குறைய நம்ம நீயும் நீங்களும் மாதிரி. யூங்கிறது முதல்ல பன்மை, அப்புறம் மரியாதை ஆச்சு, நம்ம நீங்கள் மாதிரியேதான். சாமியைக் கூட தௌனுதான் கும்புடுவாங்க, நாம முருகா நீதான்டா காப்பாத்தணும்ங்கிறோமே. லண்டன்ல இருக்குற புள்ளைங்களுக்கு இதைப் படம் போட்டு விளக்கணும், நம்ம பசங்க வாய்க்குள்ளயே இருக்கு, ஆனா ஒரு வாத்தியாரும் இதைத் தொடுறது இல்ல.

விருந்துல முதல் முறை பாக்குறப்போ ஜூலியட் ரோமியோவை யூங்கிறா, முத்தம் குடுத்தப்புறமும் யூதான். அன்னைக்கே ராத்திரி ஜன்னல்ல தனியா நிக்குறப்போ தௌ ஆயிடுச்சு. யாரும் கேக்கலைனு நினைச்சுத்தான் மனசுக்குள்ள இருக்குறது வாயில வருது. அப்புறம் ஜூலியட்டோட சொந்தக்காரன் டிபால்ட் தெருவுல வந்து ரோமியோவைப் பாத்து 'தௌ ஆர்ட் எ வில்லன்'ங்கிறான். பசங்களுக்கு வில்லன்னா சினிமா வில்லன். அந்த வார்த்தைக்கு அடியில பண்ணையாள், ஈனப் பொறப்புங்கிற அர்த்தமும் உண்டு. தௌவும் சேந்தா, டேய் பொறப்புக் கெட்டவனேனு நடுத்தெருவுல கூப்புடுற மாதிரி. ரோமியோ கோவப்படாம நிக்குறதைப் பாத்து மெர்குஷியோ ஏன் கத்தியை உருவுறான்னு அப்பத்தான் புரியும்.

இன்னொரு இடம், சாமியார் அறையில ஜூலியட்டும் பாரிஸும் எதிர்பாராம சந்திக்குறாங்க. பாரிஸ் யூனு ஆரம்பிச்சு, அவ அழுதிருக்குறதைப் பாத்ததும் தௌவுக்கு இறங்கிடுறான், உன் மூஞ்சி என்னுது, அதைக் குறை சொல்லாதேங்கிறான், தாலி கட்டாமயே உரிமை வந்துடுச்சு. இவ கடைசி வரைக்கும் சார், சார்தான், ஒரு தடவை கூட தௌ சொல்லல. பொண்ணு பாக்க வந்த மாப்ளை நீ போனு பேசுறான், இவ நீங்க வாங்கன்னே பதில் சொல்றான்னு வெச்சுக்குங்க, அந்த நீங்கவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு நம்ம வீட்டுப் பொண்ணு எவளைக் கேட்டாலும் சொல்லுவா. இதை அப்படியே தமிழ்ல ரெண்டு பேரைப் பேச வெச்சுக் காட்டுனேன், பின் பெஞ்சுப் பையன் ஒருத்தன் "அவ்ளோதானா மிஸ், இதை ஏன் யாரும் சொல்லல"ன்னான்.

உங்க பக்கத்துலயே கீழ ஒரு வாசகர் இந்தக் காலத்துல ஷேக்ஸ்பியர் எதுக்கு, ஸ்போக்கன் இங்கிலீஷ் போதுமேனு எழுதியிருந்தாரு. அவரோட நான் சண்டைக்கு வரல. இப்ப நடத்துற மாதிரியே நடத்துறதா இருந்தா அவர் சொல்றதுதான் சரி, வேணாம்.

அடுத்த ஞாயிறு ஒரு மூலையில சின்னதா திருத்தம் போடுங்க சார், அந்தப் பொண்ணு அதையும் கத்தரிச்சு வெச்சுக்கும். போடும்போது 'எங்கே இருக்கிறாய்'ங்கிறதை மட்டும் மாத்துங்க, ஏன் ரோமியோவா இருக்கேனு வர்ற மாதிரி. உங்க ஆபீஸ்ல யாராவது, எதிராளி வீட்டுப் பையன், அறிமுகமாகி ஒரு நாள் கூட ஆகல, கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேனு 'நீங்கள்'னு திருத்திடப் போறாங்க. அந்த 'நீ'யைத் தொட வேணாம், அதைச் சரியாத்தான் போட்டிருந்தீங்க.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் டீச்சர்,
திண்டுக்கல்